அடுத்த வீட்டுச் சோறு

2022-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் உலகத்து ஜனங்கள் பலர் ஒன்றுசேர்ந்து ஒரு தேசத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். தேசத்தின் பெயர் ஸ்வீடன். குற்றம், குழந்தைக்குச் சோறு போடாதது. சொந்தக் குழந்தைக்கு அல்ல. விளையாட வந்த அடுத்த வீட்டுக் குழந்தைக்கு.

நடந்தது இவ்வளவுதான். யாரோ ஒருவர் தம் பால்ய அனுபவம் ஒன்றை எழுதினார். ஸ்வீடன்காரச் சிநேகிதன் ஒருவன் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் சிநேகிதனின் தாயார் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். "நீ இங்கேயே இரு, நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று அவன் போய்விட்டானாம். இவர் மட்டும் அறையில் காத்திருந்தார். 'இப்படியும் உண்டா?' என்று கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். 'உண்டு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான்' என்று சாட்சி சொன்ன ஸ்வீடன்காரர்களும் இருந்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? இத்தாலிக்காரரும் துருக்கியரும் அரபு நாட்டாரும் நம்மவர்களும் தத்தம் தாய்மார்களின் பெருமையைப் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் ஒருவர் எனக்குப் பழக்கம். பெரம்பலூர்ச் சீமையில் வழிப்போக்கனுக்கும் கம்பங்கூழோ மோரோ கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள் என்பதற்கு அவரே போதுமான அத்தாட்சி. அவர் வீட்டுப் படியேறியவர் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொன்னால் அது ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படாது. அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏன் சார், அந்த ஊருல பஞ்சமா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் வேடிக்கைக்காரர்கள் அத்தனை பேரிலும் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான் என்று பிறகு எனக்குத் தோன்றிற்று. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் பிரதிவாதியின் தரப்பைக் கேட்பது தர்மம். ஸ்வீடன்காரர்கள் சொன்ன சமாதானம் இது: அந்தக் குழந்தைக்கு அதன் வீட்டில் ஒரு தாய் சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். நாம் வயிற்றை நிரப்பி அனுப்பினால் அவள் செய்தது வீணாகும். மேலும், 'உன் பிள்ளைக்கு நான் சோறு போட்டேன்' என்றால், 'உன்னால் போட முடியவில்லை' என்று சொன்னது போல ஆகிவிடாதா? ஒரு வேளைச் சோற்றை வாங்கிக்கொண்டால் அதைத் திருப்ப வேண்டும். திருப்ப முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஸ்வீடன்காரர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர்கள் அல்ல. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்திலேயே தமிழ் லுத்தரன் திருச்சபைக்கு ஸ்வீடனிலிருந்து பேராயர்கள் வந்தார்கள். 1921-இல் தரங்கம்பாடியின் முதல் பேராயரான எர்ன்ஸ்ட் ஹ்யூமன் அந்நாட்டவர். சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் ஸ்வீடன் மிஷன் ஆஸ்பத்திரி இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து, முன்பின் தெரியாதவர்களின் புண்ணைக் கழுவிய மனிதர்களின் தேசத்தை, ஒரு தட்டுச் சோற்றை வைத்து 'ஈரமில்லாத ஜனங்கள்' என்று முடிவு கட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஹென்ரிக் பெரிக்ரென், லார்ஸ் ட்ரேகோர்த் என்ற இரண்டு சரித்திர ஆசிரியர்கள் 2006-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பெயரே விசித்திரமானது: 'ஸ்வீடன்காரன் மனிதனா?' அவர்களுடைய வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும். ஒருவரையொருவர் அண்டிப் பிழைக்கும் இரண்டு பேருக்குள்ளே இருப்பது உண்மையான அன்புதானா என்று நிச்சயிக்க வழியில்லை. மனைவி கணவனை விட்டுப் போகாமல் இருப்பது பிரியத்தாலா, போக்கிடம் இல்லாததாலா? தகப்பனைப் பிள்ளை தாங்குவது பாசத்தாலா, ஊர் வாய்க்குப் பயந்தா? தேவை என்ற கயிற்றை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். அப்புறமும் இருவர் சேர்ந்து நின்றால் அது அன்பு. கயிற்றை அவிழ்க்கும் வேலையைத்தான் ஸ்வீடன் சர்க்கார் செய்துவந்திருக்கிறது என்பது அவர்கள் கட்சி. 1971-இல் கணவனுக்கும் மனைவிக்கும் வருமான வரியைத் தனித்தனியாக்கியதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கேட்பதற்குக் கொஞ்சம் குளிராகத்தான் இருக்கிறது. பாசத்தையும் தேவையையும் பாலும் தண்ணீரும் போலப் பிரித்துக் காட்டு என்றால் எந்தத் தாயால் முடியும்? ஆனாலும் இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வெங்காயக்காரரின் கேள்வி இங்கேதான் வருகிறது. பஞ்சமா?

ஆம், பஞ்சந்தான். 1867 முதல் 1869 வரை அந்த நாட்டைப் பிடித்து ஆட்டிய பஞ்சம் கொடியது. அதற்கு முன்னும் பின்னுமாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலம் வரை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஊரிலேயே தங்கிவிட்ட ஏழைகளின் கதி அதைவிட மோசம். திக்கற்ற கிழவன் கிழவிகளை ஊரில் உள்ள பண்ணை வீடுகள் முறை வைத்துப் பராமரிக்கும். இந்த வீட்டில் சில நாள், அடுத்த வீட்டில் சில நாள். கையில் மூட்டையோடு அந்த ஜீவன் படியேறிப் படியிறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு வழக்கம் ஏலம். நம் ஊர் ஏலத்தில் அதிகம் கேட்டவருக்குப் பொருள் போகும். அங்கே ஏழையை வைத்துக்கொள்ள ஊர்ப் பணத்தில் யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கு அந்த ஏழை போவான். அனாதைக் குழந்தைகளையும் இப்படி ஏலம் விட்டார்கள். குறைந்த தொகைக்கு எடுத்தவன் எப்படிச் சோறு போட்டிருப்பான் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். இந்த இரண்டையும் 1918-ஆம் வருஷத்துச் சட்டம்தான் தடை செய்தது.

அடுத்த வீட்டுச் சோற்றின் ருசி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்தத் தட்டைக் கண்டு கூச்சம் வந்தது என்பது என் ஊகம்.

அங்கே ஒரு நாவலாசிரியர் இருந்தார். ஈவார் லூ யூஹான்சன் என்று பெயர். வருஷக் கூலிக்கு ஒப்பந்தமாகி, சம்பளத்தின் பெரும்பகுதியைத் தானியமாகவும் பாலாகவும் பெற்ற பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவர். 1949-இல் ஒரு புகைப்படக்காரரோடு முதியோர் விடுதிகளுக்குள் நுழைந்து பார்த்து, பத்திரிகையில் எழுதினார், வானொலியில் பேசினார், புத்தகமும் போட்டார். தருமச் சோற்றுக்காக வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர்களின் முகங்கள் தேசத்தைத் தூங்க விடவில்லை. 'விடுதியில் பராமரிப்பு வேண்டாம், வீட்டில் பராமரிப்பு வேண்டும்' என்பது அவர் எழுப்பிய குரல். 1950-இல் உப்சாலா நகரத்தில், தள்ளாதவர்களின் வீட்டுக்கே போய்ச் சமைத்துப் பெருக்கிக் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. பிறகு அதை நகரசபைகள் எடுத்துக்கொண்டன. எழுதுகிறவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்ளும் நேரங்களில் நான் நினைத்துக்கொள்ளும் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

முறை வைத்துச் சோறு என்றதும் நம் பக்கத்து வாசகர்களுக்கு ஏதோ ஞாபகம் வந்திருக்கும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சொத்தைப் பாகம் பிரிக்கும்போது காட்டையும் மேட்டையும் கிணற்றுத் தண்ணீரையும் பிரித்துவிட்டுக் கடைசியில் தாயைப் பிரிப்பார்கள். மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம். ஜயங்கொண்டத்துக்கு அப்பால், முந்திரித் தோப்புகள் நிறைந்த பகுதியில் ஒரு கிழவியைச் சந்தித்தேன். மாதத்துக்கு முப்பது நாள் என்று பஞ்சாயத்தில் பேசியிருக்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதி யாருடையது என்று யாரும் பேசவில்லை. "அன்னிக்கு நான் யார் வீட்டு அம்மா?" என்று அவள் கேட்டாள். கண்ணீர் இல்லை, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

பிள்ளைகள் இருவரும் கெட்டவர்கள் அல்ல. விருந்தாளி வந்தால் கோழி அடித்துப் போடுகிறவர்கள். எனக்கே போட்டார்கள்.

இந்த இடத்தில்தான் விஷயம் நம்மைக் குத்துகிறது. வந்தவருக்குச் சோறு போடுவதில் போடுகிறவனுக்கு ஒரு பெருமை இருக்கிறது. நாலு பேர் பார்க்கிறார்கள், நாலு பேர் சொல்கிறார்கள். பெற்றவளுக்குப் போடும் சோற்றில் அந்தப் பெருமை இல்லை. அது வெறும் கடமை. நாம் விருந்து என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு பங்கு வந்தவனின் பசிக்கு, எவ்வளவு பங்கு நம் பெயருக்கு? கல்யாண வீட்டில் நோட்டுப் போட்டு மொய் எழுதுகிறோமே, அது எதற்கு? பத்து வருஷம் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டி, 'அவர் ஐந்நூறு செய்தார், நாம் ஆயிரமாகத் திருப்ப வேண்டும்' என்று கணக்குப் பார்க்கிறோமே! கடனே வேண்டாம் என்று ஸ்வீடன்காரன் ஒதுங்கிக்கொள்கிறான். நாம் கடனாலேயே உறவைக் கட்டுகிறோம். எது மேல் என்று உடனே தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. மொய் நோட்டை நம்பித்தான் எத்தனையோ ஏழை வீட்டுப் பெண்களின் கழுத்தில் தாலி ஏறியிருக்கிறது.

வந்தவர்களுக்கெல்லாம் சோறு என்கிறோம். வருவதற்கு எல்லோருக்கும் வழி இருந்ததா? யாருக்கு வீட்டுக்குள் இலை, யாருக்குத் திண்ணை, யாருக்குத் தெருவிலேயே நின்று குனிந்து வாங்கும் கூழ் என்பதை நம் தாத்தாக்கள் எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் அறிந்திருந்தார்கள். 1967-இல் ஸ்வீடனில் ப்ரூர் ரெக்ஸெட் என்பவர் சர்க்கார் மருத்துவ நிர்வாகத்துக்குத் தலைவரானபோது, ஊழியர் அனைவரையும் 'நீ' என்றே அழைக்கப்போவதாகவும், தம்மையும் எல்லோரும் அப்படியே அழைக்கலாம் என்றும் சொன்னார். பட்டம் சொல்லிக் கூப்பிடும் பழைய வழக்கம் சில வருஷங்களில் ஓய்ந்துபோயிற்று. மேலே இருந்தவர் கீழே இறங்கி வந்து 'நீ' ஆனார். நம் கிராமங்களில் பண்ணையார் வீட்டுச் சின்னப் பையன், தன் பாட்டனார் வயதுள்ள ஆளை 'வாடா' என்று கூப்பிட்டான். அவர் அவனுக்குச் 'சாமி' சொன்னார். அந்த வாய் 'சாப்பிட்டாயா?' என்று கேட்டிருந்தாலும் அது வேறு விதமாகத்தான் ஒலித்திருக்கும்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒன்பதாவது அதிகாரத்தை ஒதுக்கினார். அதை எல்லோரும் சொல்கிறோம். இரவச்சம் என்று நூற்றேழாவது அதிகாரம் ஒன்றும் வைத்திருக்கிறார். பிறரிடம் கைநீட்டுவதற்கு அஞ்சுவதைப் பற்றி. அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. போடுகிற கையைப் பற்றியும் ஏந்துகிற கையைப் பற்றியும் சேர்த்தே நினைத்த மனிதர் அவர். ஒன்பதாவதை நாம் எடுத்துக்கொண்டோம். நூற்றேழாவதை, பெயர் தெரியாமலே, ஸ்வீடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டங்களைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. வயதான பெற்றோரைப் பிள்ளைகள் காப்பாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் ஸ்வீடன் சட்டத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. 1956-ஆம் வருஷத்துச் சமூக உதவிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. 1979-இல் குடும்பச் சட்டத்திலிருந்தும் அது போயிற்று. காப்பாற்றும் பொறுப்பு ஊராருடைய வரிப்பணத்தைச் சேர்ந்தது. பார்க்க வருவது பிள்ளையின் பிரியத்தைச் சேர்ந்தது. 2007-இல் நம் பாராளுமன்றம் இதற்கு நேர் எதிரான சட்டத்தைச் செய்தது. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைமீது புகார் கொடுக்கலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்கவும் வழி இருக்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இந்த மனுக்களை விசாரிக்கிறார்கள். எந்தத் தேசத்தில் பாசம் கரைபுரண்டு ஓடுகிறது என்று சொல்கிறோமோ, அந்தத் தேசத்துக்கு அதைக் கட்டாயப்படுத்த ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது!

1956 என்றால் அரியலூருக்கு வேறு ஞாபகம். அந்த நவம்பர் மாதம் 23-ஆம் தேதி, வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் அரித்துப்போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரெயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். பாலத்தைக் கட்டியவரும் அவர் அல்ல, ரெயிலை ஓட்டியவரும் அவர் அல்ல. யாரும் சட்டம் போட்டு அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

அதே 1956-இல்தான் காமராஜரின் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. ஸ்வீடன் பாராளுமன்றம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு அரசாங்க மானியம் தர முடிவு செய்தது 1946-இல். மாடியறையில் காத்திருந்தானே அந்தப் பையன், அவனும் அவன் சிநேகிதனும் அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டிருப்பார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள். நம்மிடமும் அது இருக்கிறது. 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துகொண்டது. வரிசையில் உட்காரும் குழந்தை தட்டை நீட்டும்போது யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. யார் வீட்டுத் திண்ணையிலும் காத்திருக்க வேண்டியதில்லை. நம்முடைய விருந்துகளில் மிகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். அதிலும் நம் பழைய புத்தி புகுந்துவிடுகிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் தகராறு செய்தார்கள். குழந்தைகள் செய்யவில்லை, பெரியவர்கள்தாம்.

இவ்வளவு சொன்னதனால் நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டாக்ஹோமுக்குப் போகச் சம்மதமா என்று கேட்டால், சம்மதம் இல்லை. அங்கே தனியாக வசிப்பவர்கள் மிக அதிகம். வேளாவேளைக்கு ஆள் வந்து கிழவருக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, படுக்கையைச் சரி செய்துவிட்டு, மரியாதையாகப் பேசிவிட்டுப் போகிறார். குறையொன்றும் இல்லை. ஆனால் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்பங்கரை வரை போய்ப் பானையைத் திறந்து பார்த்து, "என்னா ஆயா, இன்னும் ஒல வைக்கலியா?" என்று அதட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? அது உதவி இல்லை, மரியாதைகூட இல்லை. ஆனால் அது இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது எனக்குக் கஷ்டம். நம் ஊரிலும் அது குறைந்துகொண்டு வருகிறது. லெப்பைக்குடிக்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகள் கடல் கடந்து சம்பாதிக்கப் போயிருக்கிறார்கள். பணம் வருகிறது, போனில் முகமும் தெரிகிறது. பக்கத்து அறையில் இருமல் கேட்டால் எழுந்து வர மட்டும் ஆள் இல்லை. ஸ்வீடனின் ஏற்பாடு எதுவும் இல்லாமல் ஸ்வீடனின் தனிமை மாத்திரம் நமக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதிக் கிழவியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்கு முதியோர் பென்ஷன் வருகிறது. 2023-இல் சர்க்கார் அதை 1,200 ரூபாயாக உயர்த்தியது. பென்ஷன் வரத் தொடங்கியபின் வீட்டில் தன் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு கூடியிருப்பதாகச் சொன்னாள். தேதி அன்று பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பெட்டிக்கடையில் நின்று பேரனுக்குத் தின்பண்டம் வாங்குகிறாள். கடைக்காரர் மீதி தரும்போது நிமிர்ந்து நின்று எண்ணி வாங்குகிறாள். மகன் கொடுத்ததல்ல, மருமகள் கொடுத்ததல்ல, அவள் பணம். நான் போயிருந்த அன்றும் அப்படித்தான், முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள். பேரன் ஓடிவந்து வாங்கிக்கொண்டான். எனக்கும் இரண்டு கிடைத்தது.

உள்ளேயிருந்து மருமகள் சத்தம் போட்டாள்: "சோத்து நேரத்துல கண்டதையும் வாங்கிக் குடுத்தா அவன் ராத்திரி எப்படி சாப்பிடுவான்? நான் ஆக்கி வச்சதை யாரு திங்கிறது?"